ஆர்லீன் கோவாச்சின் பென்சில் குறிப்புகள்

எழுதாத ஸ்கோர் கார்டை ஆர்லீன் கோவாச் ஒருநாளும் வாங்கியதில்லை.

மைதான வாசலில் விற்கிற மெல்லிய புத்தகம் அது. உள்ளே கட்டம் கட்டமாக இருக்கும். ஆட்டம் பார்க்க வந்தவர், மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவனும் என்ன ஆனான் என்று அதில் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவார். எங்களைப் போலப் பழைய பேஸ்பால் சாமான் விற்கிறவர்களுக்குப் பென்சில் படாத புத்தகம்தான் சரக்கு. பென்சில் பட்டுவிட்டால் சீந்த ஆள் இருக்காது. அப்படிப்பட்டதை மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில் போட்டுவைப்போம். ஆர்லீன் வந்தால் மேசையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். குனிந்து அந்தப் பெட்டியைத்தான் இழுப்பார்.

அக்ரன் ஊரில் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் சந்தை கூடும். எண்பத்தெட்டாம் வருஷம் நான் அங்கே மேசை போட்டேன். வார நாளில் டயர் கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற வேலை. மனைவி விட்டுப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல்தான் இதில் இறங்கினேன். அப்போதெல்லாம் கூட்டம் நெரியும். ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டை வாங்கிப் பூட்டி வைத்தால் பின்னால் பொன்னாகும் என்று ஊரே நம்பிய காலம்.

ஆர்லீனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. நீராவியில் வெந்து வெந்து இரண்டு கையும் எப்போதும் சிவந்திருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் இருந்த அதே வீட்டு மாடியில் தனியாக இருந்தார். ஒரே தங்கை ஈரி என்கிற ஊரில். கிளீவ்லாண்டு அணியின் ஆட்டத்தை ரேடியோவில் ஒன்றுவிடாமல் கேட்பார். மைதானத்துக்குப் போனது மட்டும் கிடையாது.

என் பக்கத்து மேசை ரஸ் ஹேக்கட்டுடையது. ஆர்லீனைக் கண்டால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"வாங்க அம்மணி, வாங்க! உங்களுக்குன்னே நாலு பேர உக்கார வச்சுக் கிறுக்கச் சொல்லியிருக்கேன்."

"அப்படியே அவங்களுக்கு எண்ணவும் சொல்லிக்கொடுங்க ரஸ். மூணு பேர் அவுட்டானா இன்னிங்ஸ் முடியணும். போன மாசம் நீங்க குடுத்ததுல ஒரு மனுஷன் நாலு பேர அவுட்டாக்கியிருக்காரு."

"அது போனஸ். அதுக்குத் தனியா காசு வாங்கல பாருங்க!"

இதை ஏன் வாங்குகிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ரேடியோல கேட்டா அன்னிக்கோட போச்சு டென்னி. இது அப்படியில்ல. ஒருத்தர் வெயில்லயும் குளிர்லயும் உக்காந்து பாத்தது. ராத்திரி சாப்பிடறப்போ சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வச்சுப்பேன். முதல் ஆள்லேர்ந்து வரிசையா படிச்சா ஆட்டம் கண்ணு முன்னால நடக்கும். ஒரு ஆட்டம் எனக்கு மூணு நாள் வரும்."

தொண்ணூறாம் வருஷம் அவருக்கு ஒரு கையெழுத்து அகப்பட்டது. ரஸ்ஸின் பெட்டியில் கிடைத்த இரண்டு புத்தகங்கள், ஐம்பத்தேழாம் வருஷத்து ஆட்டங்கள். இரண்டும் ஒரே கை. நுணுக்கமான, ஊசிமுனை போன்ற எழுத்து. பந்து வீசுபவனிடம் தோற்று வெளியேறினவனுக்கு 'கே' என்று போடுவது வழக்கம். இந்தக் கை அந்தக் கே-யின் காலை நீளமாக இழுத்து ஒரு சுழி சுழிக்கும். ஓரத்தில் துண்டுத் துண்டாகக் குறிப்புகள். 'ஏரியிலிருந்து காற்று.' 'தாதுக் கப்பல் ஒன்று போகிறது, மெதுவாக.' 'சீகல் பறவைகள் மைதானத்தில் இறங்கிவிட்டன, நடுவரை மதிக்கவில்லை.' அதைப் படித்துவிட்டு ஆர்லீன் கூடத்தின் நடுவில் நின்று சிரித்ததை நான் பார்த்தேன். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று அந்தக் கை அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. எப்போதும் ரஸ்ஸின் பெட்டியிலிருந்துதான். நான்கு வருஷத்தில் இருபது சேர்ந்தன. எழுதியவர் ஆண், தனியாள் என்று ஆர்லீன் முடிவு செய்திருந்தார். தனியாள் என்பதற்கு ஒரு ஆதாரமும் வைத்திருந்தார். அறுபத்தொன்றாம் வருஷத்துப் புத்தகம் ஒன்றில், 'பக்கத்துச் சீட்டில் கோட்டு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"கூட வர ஆள் இல்ல, பாரு. கோட்டைக் கழட்டிப் பக்கத்துல உக்கார வச்சிருக்காரு" என்றார் என்னிடம். சொல்லும்போது முகம் கொஞ்சம் சிவந்தது.

தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த வருஷம் கோப்பைப் போட்டியே நடக்கவில்லை. ஜனங்களுக்கு ஆட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. எங்கள் கூடம் காற்றாடியது. அட்டைகளைப் பூட்டி வைத்தவர்கள் மூட்டையாகக் கொண்டுவந்து கெஞ்சினார்கள். வாங்க யாரும் இல்லை. மறு வருஷம் பிப்ரவரியில் ரஸ் கடையைக் கட்டினான். கடைசி ஞாயிறன்று சூப் டப்பா வந்த அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கி ஆர்லீன் கையில் கொடுத்தான்.

"இந்தாங்க. மிச்சம் இருபத்திரண்டு இருக்கு. காசு வேணாம்."

"எதுல மிச்சம்?"

"உங்க ஆளோடதுதான். பார்மா ஊர்ல ஒரு வீட்டைக் காலி பண்ணினாங்க, மொத்தமா அங்க வாங்கினேன். உங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு தெரிஞ்சதும் ஒண்ணொண்ணா பெட்டில போட்டேன். இல்லன்னா நீங்க மாசாமாசம் வருவீங்களா?"

ஆர்லீன் கோபப்படவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவை எங்கெங்கோ சிதறிக் கிடந்து, ஒவ்வொன்றாகத் தன்னைத் தேடி வருவதாக நினைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

"அந்த வீட்டுக்காரர் பேரென்ன?" என்று மட்டும் கேட்டார்.

"விட்செக். ஸ்டான் விட்செக்னு தபால் பெட்டில இருந்துச்சு. வீட்டை வித்துட்டு அங்கயே ஏதோ முதியோர் இல்லத்துக்குப் போறதா பேச்சு."

மூன்று வாரம் கழித்து ஆர்லீன் எனக்குப் போன் செய்தார். தொலைபேசிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்மாவில் உள்ள இல்லங்களை ஒவ்வொன்றாக விசாரித்திருக்கிறார். விட்செக் என்ற பெயரில் ஓர் இடத்தில் ஆள் இருப்பதாகச் சொன்னார்களாம். "உன் கார்ல கூட்டிப்போவியா டென்னி? பஸ் ரெண்டு மாறணும்."

மார்ச் மாதம், சனிக்கிழமை. தலை முடியைச் சுருட்டி விட்டுக்கொண்டு வந்திருந்தார். நீல நிற உடுப்பு. மடியில் பத்துப் புத்தகங்கள், அவற்றின் மேல் ஒரு வால்நட் ரொட்டிச் சுருள். இல்லத்தின் வரவேற்பில் இருந்த பெண், "விட்செக்கா? ஒன்பதாம் நம்பர் அறை. போய்ப் பாருங்க, யாராவது வந்தா சந்தோஷப்படுவாங்க" என்றாள்.

அறையில் ஒரு கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சிறிய உடம்பு, கூர்மையான கண்.

"நாங்க ஸ்டான் விட்செக்கைப் பாக்க வந்தோம்" என்றார் ஆர்லீன்.

"அப்போ கல்லறைக்குத்தான் போகணும். பன்னெண்டு வருஷமா அங்கதான் இருக்கான். நான் இர்மா, அவன் பொண்டாட்டி. என்ன, கடன் பாக்கி ஏதாவது வச்சிருந்தானா?"

ஆர்லீன் ஒரு புத்தகத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தார். இர்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை எங்கேர்ந்து பிடிச்சே? குப்பைன்னு தள்ளினதாச்சே!"

"உங்க வீட்டுக்காரர் எழுதினது..."

"அவனா? அவன் கையெழுத்து செக்குல விழறதோட சரி. இது என் எழுத்தும்மா."

ஆர்லீன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்கு ஆட்டம்னா அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டார்.

"எனக்கா? பிடிக்கவே பிடிக்காது."

"பின்னே ஏன் எழுதினீங்க?"

"கையில பென்சில் இருந்தா ஸ்டான் என்கிட்ட பேச மாட்டான். 'இர்மா எழுதிட்டிருக்கா, தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு சுத்தி இருக்கறவங்ககிட்டப் பெருமையா சொல்லுவான். வீட்டுல ஒரு நிமிஷம் வாய் ஓயாது. உப்பு ஏன் இங்க இருக்கு, திரைச்சீலை ஏன் கோணலா இருக்கு... மைதானத்துல மூணு மணி நேரம் எனக்கு நிம்மதி. கூடுதல் இன்னிங்ஸ் போனா இன்னும் நிம்மதி."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆர்லீன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஆர்லீன் அறுபத்தொன்றாம் வருஷத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்து, ஓரத்தில் இருந்த வரியை விரலால் காட்டினார்.

"பக்கத்துச் சீட்டில் கோட்டு மட்டும்னு இருக்கே?"

இர்மா எட்டிப் பார்த்தார். "பீர் வாங்கப் போயிருப்பான். அவன் போனா ரெண்டு இன்னிங்ஸ் வர மாட்டான். அதுதான் எழுதி வச்சிருக்கேன்." பிறகு ஆர்லீனை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்ல."

"கெட்டிக்காரி."

புத்தகங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆர்லீன் சொன்னபோது, இர்மா கையால் தள்ளிவிட்டார். ரொட்டிச் சுருளை மட்டும் வாங்கிக்கொண்டார். "இந்தப் பக்கம் வந்தா வா. ஆனா பேஸ்பால் பேசாதே."

திரும்பி வரும்போது ரிச்ஃபீல்டு என்கிற ஊரைத் தாண்டினோம். தூறல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"அப்படி ஒரு ஆளே இல்ல, இல்லையா டென்னி?"

"இல்ல."

"நாலஞ்சு வருஷமா நான் அவரோடதான் சாப்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது பெட்ரோலுக்கு என்று பணம் நீட்டினார், நான் வாங்கவில்லை. அன்று அவரைச் சாப்பிட எங்காவது அழைத்துப் போயிருக்கலாம். நானும் தனியாகத்தான் போய் சூப் டப்பாவைத் திறக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. 'நல்லா ஓய்வெடுங்க' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவர் இர்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, இரண்டு பஸ் மாறி. எங்கள் சந்தைக்கு வருவது நின்றுபோனது. என்ன பேசுவீர்கள் என்று ஒருமுறை போனில் கேட்டேன்.

"பேச ஒண்ணுமில்ல. டிவியில சமையல் நிகழ்ச்சி பாப்போம். அவங்க தூங்கிடுவாங்க. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வருவேன்."

அக்டோபரில் போனபோது ஒன்பதாம் அறையில் வேறு யாரோ இருந்தார்கள். இர்மாவின் மகன் வந்து அவரை புளோரிடாவுக்கு அழைத்துப் போய்விட்டான். விலாசம் கேட்டதற்கு, சொந்தக்காரர் அல்லாதவருக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரிதானே என்றார் ஆர்லீன் என்னிடம், நான் என்ன சொந்தமா?

தொண்ணூற்று ஏழில் ஆஸ்பத்திரி சலவை வேலையை வெளிக் கம்பெனிக்கு விட்டுவிட, ஆர்லீனுக்கு வேலை போனது. வீட்டைக் காலி செய்துவிட்டு ஈரியில் தங்கையோடு இருக்கப் போனார். சாமான் ஏற்ற நான் போயிருந்தேன். தங்கை வீட்டில் அவருக்கென்று கிடைத்தது தையல் மெஷின் வைத்திருந்த சின்ன அறை. புத்தகப் பெட்டிகளுக்கு அங்கே இடமில்லை. "வித்துப் பாரு டென்னி" என்றார். கான்டன் ஊர்ச் சந்தையில் ஒரு நாள் முழுக்க மேசைக்கு மேலேயே பரப்பி வைத்தேன். ஒருவர் எடுத்துப் பார்த்து, "எழுதாதது இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரலில் ஆர்லீன் போன் செய்தார்.

"வித்துச்சா?"

"இல்ல."

"தெரியும். நீ வச்சுக்கோ." பிறகு, "இங்க என் ரேடியோல நம்ம கிளீவ்லாண்டு ஆட்டம் சரியா எடுக்கல. பிட்ஸ்பர்க் ஆட்டம்தான் வருது. ஒருத்தரையும் தெரியாது எனக்கு. பேரெல்லாம் இப்பத்தான் பழகிட்டு வர்றேன்" என்றார்.

பின்னால் தங்கை ஏதோ கேட்பது காதில் விழுந்தது. ஆர்லீன் குரலைத் தாழ்த்தி, அப்புறம் பேசுகிறேன் என்றார்.