மாப்பிள்ளை சாப்பிட இறங்கிய குழி

நான் இருந்தேன். என் தங்கை வீட்டுக்காரர் பழனிசாமி இருந்தார். மண் வகை பார்க்க வந்த மேடம் இருந்தார். ஜீப் ஓட்டிய அந்தோணி இருந்தார். வேறு யாரும் இல்லை. பேய், காத்து என்று யாராவது பேசினால் எழுந்து போகிற ஆள் நான். இன்றைக்கும் பேய் என்று சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்கல் எடுக்கிற சுரங்கம். எடுத்து முடித்த பக்கத்தில் மரம் வைப்பதற்காக, எங்கே என்ன மண் என்று மேடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். நானும் மாப்பிள்ளையும் நெஞ்சளவு குழி வெட்டுவோம். மேடம் இறங்கி, குழியின் சுவரைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பார். மேலே செம்மண், கீழே சுக்காங்கல், அடியில் வெள்ளை. எழுதிக்கொண்டு ஏறிவிடுவார்.

அன்று மதியம் திரும்பிய நேரம். குழியின் ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்தது. சாப்பிடலாம் என்று மாப்பிள்ளை சோற்றுத் தூக்குப்போசியோடு உள்ளே இறங்கினார்.

"மொள்ளத் தின்னுங்கண்ணா, மண்ணைத் தள்ளி மூடிப்போட்டுப் போயிருவேன்" என்றார் அந்தோணி.

"மூடு. சம்பளத்த மட்டும் ஊட்டுல குடுத்துரு."

நாங்கள் மூவரும் அடுத்த இடம் பார்க்க மேட்டுக்கு அந்தப்பக்கம் போனோம். ஒரு பீடி குடிக்கிற நேரம்தான். திரும்பி வந்தால் குழி இல்லை.

சரிந்து மூடியிருந்தால் மண் பொலபொலவென்று கிடக்கும். அப்படி இல்லை, தரை தரையாக இருந்தது, மேலே காய்ந்த புல் நின்றது, வெட்டிக் குவித்த மண்ணையும் காணோம். இடம் தப்பி வந்துவிட்டோம் என்றார் மேடம். ஆனால் குழி ஓரத்தில் நான் குத்தி வைத்த கடப்பாரை அங்கேயே நின்றது.

"மாப்ளே" என்று கூப்பிட்டேன். தங்கை முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெட்ட ஆரம்பித்தேன். கடப்பாரை அவர் மேல் இறங்கிவிடுமோ என்று பயம், நிறுத்தினால் மூச்சு போய்விடுமே என்றும் பயம். அந்தோணி மண்ணை அள்ளி வீசினார், மேடம் கையாலேயே பறித்தார். செம்மண், சுக்காங்கல், எல்லாம் கெட்டியாக அதனதன் வரிசையில் இருந்தது.

"இந்த மண்ணை யாரும் வெட்டினதே இல்லைங்க" என்றார் மேடம்.

நெஞ்சளவு ஆழத்தில் தூக்குப்போசி தட்டுப்பட்டது. அவர் இல்லை.

அப்போது பின்னால் குரல் கேட்டது. "ஏனுங்க மச்சான், அந்தக் குழியே இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்குங்க?"

தண்ணீர் பாட்டிலோடு மாப்பிள்ளை நிற்கிறார். விக்கல் எடுத்ததென்று தூரத்தில் நின்ற ஜீப்புக்குப் போனவர், அங்கேயே கண்ணசந்துவிட்டாராம். நான் அப்படியே உட்கார்ந்தேன்.

"பாதிச் சோத்த மூடி வெச்சுட்டு வந்தனுங்க. போசி எங்கீங்க?"

குழிக்குள் கையைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார்.

போசியைத் தூக்க முடியவில்லை. அதன் பிடிக்குள் புகுந்து, மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர் போயிருந்தது. மூடியைத் திறந்தேன். பிசைந்த சோறு பிசைந்தபடி ஈரமாக இருந்தது.

கொடுவாளால் வேரை வெட்டித்தான் எடுத்தோம். அந்த வேர்த்துண்டு என் வீட்டில் இருக்கிறது. மரம் அறுக்கிற பட்டறையில் கொடுத்து வெட்டுப்பட்ட முகத்தை இழைத்து வாங்கினேன். என்ன மரம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒன்றாக வளையம் விழும் என்றார்கள். அந்தப் போசி போன தை மாதம் வாங்கியது. வளையங்களை நானே நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

நாற்பத்தொன்று.