திரும்பாமல் வந்தவள்

என் வலது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஓர் உருண்டை இருந்தது. கம்பெனி லைனில் நின்று வேலை செய்யும்போது அது மேலே முட்டும். உள்ளங்கையால் தடவிக் கொடுப்பேன். பிள்ளையின் பாதம் என்றே நினைத்திருந்தேன். எட்டாம் மாதம் முடியப்போகும் சமயத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "இது தலைம்மா. குழந்தை தலைகீழா திரும்பாம உட்கார்ந்திருக்கு" என்றார். பாதம் என்று எண்ணி இத்தனை நாளும் பிள்ளையின் தலையைத்தான் வருடிக்கொண்டிருந்தேன் என்பதில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது.

2012-ஆம் ஆண்டு அது. சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை அறைகளில் ஒன்றில் நானும் கணவரும் குடியிருந்தோம். இருவருக்கும் சங்கரன்கோவில் பக்கம். அவர் கார் உதிரிபாகக் கம்பெனியில், நான் செல்போன் பாகங்களைப் பொருத்தும் கம்பெனியில். அவர் ஷிப்டு முடிந்து வரும்போது நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். பிரசவத்துக்காக மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். பிள்ளை திரும்பவில்லை என்று கேட்டதும், "ஊருக்குப் போவம். எண்ணெய் போட்டு ஒரே அமுக்குல திருப்பி விடுத பொம்பள ஒருத்தி இருக்கா" என்றார். அந்த 'ஒரே அமுக்கு' என்ற சொல்லைக் கேட்டதுமே ஊருக்கு வரமாட்டேன் என்றுவிட்டேன்.

எல்லோரும் தெரபி அக்கா என்று கூப்பிடுபவரிடம் நான் போய்ச் சேர்ந்தது இடுப்பு வலிக்காகத்தான். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகளில் அவர் பிசியோதெரபி பார்த்தார். வல்லக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், படித்து வந்தவர். பாரம் தூக்கித் தோள் பிசகியவர்கள், நின்றே கால் மரத்தவர்கள் என்று அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் கம்பெனிக்காரர்கள்தான். கர்ப்பிணிகளுக்கான சிகிச்சையைத் தனியாகக் கற்றிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"இதோ பாரும்மா, நான் கொயந்தைய திருப்ப மாட்டேன். வேற யாரையும் அழுத்தித் திருப்ப வுட்றாத. உன் இடுப்பு, தொடையெல்லாம் நின்னு நின்னு இறுகிப் போய்க் கீது. அத்த தளர்த்தி வுடுவேன், அவ்ளோதான். திரும்பணும்னா அதுவே திரும்பும். திரும்பலன்னா ஆப்ரேஷன் கீது. அதுல இன்னா பயம்?"

ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பார். முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு கையை வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பார். சும்மா கை வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று தோன்றும். சற்று நேரத்தில் அந்த இடம் தானாக இளகும். அப்புறம் இடுப்பு எலும்பின் ஓரம், தொடையின் உட்பக்கம் என்று விரல்கள் மெதுவாக நகரும். சில நாள் என்னை முட்டிபோட்டுக் கையூன்றச் சொல்லி, பழைய நூல்புடவை ஒன்றை வயிற்றுக்கு அடியில் தொட்டில்போல் கட்டி, இருபுறமும் பிடித்து லேசாக அசைப்பார். வயிற்றின் பாரம் முழுவதையும் இன்னொருவர் வாங்கிக்கொண்ட அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரை விட்டு வந்த பிறகு என்னை அவசரமில்லாமல் தொட்டவர்கள் யாருமில்லை. "அழு, அழு. அதுவும் தளர்றதுதான்" என்றார் அக்கா.

உருண்டை மட்டும் விலாவுக்குக் கீழேயே இருந்தது.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு பிற்பகல். சிகிச்சை முடிந்து கட்டிலிலிருந்து இறங்கி நின்றேன். பனிக்குடம் உடைந்து தண்ணீர் கொட்டியது. அதோடு ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்குவதுபோல் இருந்தது. சொன்னேன். அக்கா குனிந்து பார்த்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "தொப்புள்கொடி முன்னாடி வந்துட்டுது. முட்டிபோடு. தலைய தரையில வை, இடுப்ப மேல தூக்கு" என்றார். பிள்ளையின் பாரம் கொடியை நசுக்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி என்று பிறகுதான் தெரிந்தது.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்க அவர் தயாராக இல்லை. கீழே நின்ற ஷேர் ஆட்டோவில், இருக்கைகளுக்கு நடுவே தரையில், அதே கோலத்தில் என்னை ஏற்றினார். ஆட்டோவில் இருந்தவர்கள் இறங்கிக்கொண்டார்கள். கம்பெனி யூனிபார்ம் போட்ட இரண்டு பெண்கள் மட்டும் நாங்களும் வருகிறோம் என்று முன்னால் ஏறிக்கொண்டார்கள். சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் கார் ஏற்றிய நீள லாரிகள் அசையாமல் நின்றன. அந்தப் பெண்கள் குதித்து இறங்கி, கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டே முன்னால் ஓடி வழி விலக்கினார்களாம். நான் பார்த்ததெல்லாம் ஆட்டோவின் தகரத் தரை மட்டும்தான். அக்காவின் இரண்டு கைகளும் என் இடுப்பை உயர்த்திப் பிடித்திருந்தன. "தலைய தூக்காத. மூச்சு வுடு. நான் புடிச்சிக்கினு கீறேன்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடமும் பேசினார். போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் அறை தயாராக இருந்தது.

மகள் பிறந்தாள். முதலில் அழவில்லை, பிறகு அழுதாளாம். நான் கண் விழித்தபோது கட்டிலருகே அக்கா நின்றிருந்தார். வழியெல்லாம் தூக்கிப் பிடித்த கை இன்னும் மரத்திருந்ததால் குழந்தையை வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஆனால் மாமியாருக்கு மனம் ஆறவில்லை. "நல்லா இருந்த புள்ளத்தாச்சி. அவ கைய வச்சுல்லா இப்படி ஆச்சு" என்று ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்தார். குழந்தை உட்கார்ந்திருந்தால் கொடி இப்படி இறங்க வாய்ப்புண்டு, கை வைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் அப்படித் தூக்கிப் பிடித்து வந்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்று டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். கணவர் புரிந்துகொண்டார். பேச்சு மட்டும் எங்கள் வரிசை அறைகளைத் தாண்டிக் கடைத்தெரு வரை போய்விட்டது. அக்காவிடம் கர்ப்பிணிகள் வருவது நின்றது. ஒருநாள் குழந்தையைப் பார்க்க வந்த அவரே, "இனிமே தோள், முதுகு மட்டும் பாத்துக்கினு இருந்துடறேன்மா. எனக்கே கை வைக்கப் பயமா கீது" என்றார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

தையல் ஆறியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். வெளி அறை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடந்ததைச் சொன்னேன். வேலைக்குத் திரும்பும் வரையில் அப்படிப் பல நாள் போனேன். தனியாக எதற்கு என்று மாமியாரும் கூட வர ஆரம்பித்தார். கடைசியில் தன் முழங்காலைக் காட்டிக்கொண்டு உள்ளே படுத்திருந்தார்.

அப்படி ஒரு நாள்தான், தயங்கித் தயங்கி ஒரு பெண் படியேறி வந்தாள். தேனிப் பக்கத்துக்காரி, பக்கத்துக் கம்பெனியில் வேலை. அவளுக்கும் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அனுப்பியது டாக்டரம்மாதான். அக்கா எழுந்து வந்தார், கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"நான் கை வச்சாலும் திரும்பாமப் போவலாம்மா."

"சரிக்கா."

"நடுவுல எதுனா ஆவலாம். என்னைப் பத்தி வெளிய இன்னா பேசறாங்கன்னு கேட்டுக்கினியா?"

"கேட்டேங்க்கா. அதேன் வந்தேன். அப்படி எதுவும் வந்தா விடாமப் பிடிச்சுக்கிருவீங்கன்னும்தானே பேசிக்கிறாக."

அக்கா உள்ளே போய்க் கட்டிலில் விரிப்பை மாற்றினார். என் மகள் அப்போது வீறிட்டாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "எங்க போற? கொயந்தைய எடுத்துக்கினு உள்ள வா. அவளும் பாக்கட்டும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அந்தப் பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் மகளின் காலைப் பிடித்துப் பார்த்தாள். "இது கடைசி வரைக்கும் திரும்பவே இல்லையாக்கா?"

"இல்ல" என்றேன்.

"நல்லாத்தானே இருக்கு" என்று சிரித்துவிட்டு, தன் காலை நீட்டி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.