கூண்டேறிய என் குமாஸ்தா

செய்தி வந்தபோது நான் கோர்ட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பாகப்பிரிவினை வழக்கு. என் புதிய குமாஸ்தா பின்னாலிருந்து கவுனைப் பிடித்து இழுத்தார். எரிச்சலோடு திரும்பினேன்.

"சுப்பையாண்ணன் தவறிட்டாகளாம்யா. காலையில."

நீதிபதி பக்கம் திரும்பினேன். வாய்தா கேட்டேன். நீதிபதி காரணம் கேட்டார், சொன்னேன். அவரும் சுப்பையாவை அறிந்தவர்தான், உடனே கொடுத்துவிட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் ஒரு வாய்தா கேட்டு, கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். அதைச் சுப்பையாவுக்காகத்தான் கேட்கிறேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் ஆகாது.

சுப்பையா அவர்கள் பதினெட்டு வருஷம் என்னிடம் குமாஸ்தாவாக இருந்தார். உயிரோடிருந்த வரையில் 'வாப்பா', 'போப்பா' என்றுதான் அழைத்தேன். இப்போது 'அவர்கள்' என்று எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் போன பிறகு வரும் மரியாதை யாருக்கு வேண்டும்?

குட்டையான மனிதர். கழுத்து வரை பித்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, காதில் செருகிய பென்சில், கக்கத்தில் வழக்குக் கட்டு. புதுக்கோட்டைக் கோர்ட்டு வளாகத்தில் கட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இருக்க முடியாது. நான் வாதாடும்போது திரும்பிப் பாராமல் கையைப் பின்னால் நீட்டுவேன். எந்தத் தாள் வேண்டுமோ அந்தத் தாள் கைக்கு வந்துவிடும். பல நாள் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும், நான் தோற்கப்போகிறேன் என்று.

குடும்ப வழக்கு என்றால் அவரிடம்தான் ஜனங்கள் முதலில் பேசுவார்கள். புருஷன் வீட்டை விட்டு வந்த பெண்கள் என் அறைக்குள் வரத் தயங்குவார்கள். வேப்பமரத்தடியில் அவர் எதிரில் உட்கார்ந்து அழுவார்கள். அவர் இடையில் பேசவே மாட்டார். அழுது முடிந்ததும், "சாப்பிட்டியாத்தா?" என்பார். அதற்கப்புறம்தான் பென்சிலைக் காதிலிருந்து எடுப்பார்.

அப்படி வந்தவள்தான் வள்ளியம்மை. சமஸ்தானம் சமஸ்தானமாக இருந்த காலம் அது. அவளும் சுப்பையாவும் ஒரே சாதி. அந்தச் சாதியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒத்துவராவிட்டால், ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு புருஷன் அவள் கையில் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுப்பான். அத்தோடு பந்தம் தீர்ந்தது. இருவரும் வேறு கலியாணம் செய்துகொள்ளலாம். அன்றைய ஹிந்து லா இந்த விஷயத்தில் கல்லுச்சுவர். தாலி ஏறிய பெண்ணுக்கு விவாகரத்து என்ற வாசலே கிடையாது. ஆனால் ஒரு சாதியில் வழக்கம் இருக்கிறது என்று சாட்சி வைத்து நிரூபித்தால் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளும்.

வள்ளியம்மைக்குத் துரும்பு கொடுத்தாயிற்று. புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவளும் ஒரு வண்டிக்காரரைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். மூன்றாவது வருஷம் அவனுடைய இரண்டாம் மனைவி செத்துப்போனாள். வீட்டில் பொங்கிப்போட ஆளில்லை. உடனே வழக்குப் போட்டான்: வள்ளியம்மை இன்னும் என் மனைவிதான், இரண்டாம் கலியாணம் செல்லாது, என்னோடு வந்து வாழக் கோர்ட்டு உத்தரவிட வேண்டும் என்று. துரும்பு கொடுத்ததை அவன் மறுக்கவில்லை. ஏதோ கோபத்தில் ஒரு வைக்கோலைக் கிள்ளிக் கொடுத்தேன், எங்கள் சாதியில் அதற்கு அர்த்தம் கிடையாது என்றான்.

அப்போது அவள் ஐந்து மாதம். என் மேசைக்கு எதிரில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் வயித்துல இருக்குறது யாரு புள்ளைன்னு கோர்ட்டு சொல்லும்யா?"

நான் சட்டம் பேசினேன். சுப்பையா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

சாட்சி சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. அந்த வருஷந்தான் அந்தச் சாதிக்காரர்கள் சங்கம் வைத்து, துரும்பு கொடுப்பது கீழான பழக்கம், அது நம்மிடம் எக்காலத்திலும் இருந்ததே இல்லை என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். இனிமேல் வேண்டாம் என்றால் புரிகிறது. இருந்ததே இல்லை என்றால் என்ன சொல்வது? வள்ளியம்மைக்குத் துரும்பு கொடுத்தபோது நடுவில் உட்கார்ந்திருந்த ஊர்த்தலைவர் அம்பலகாரரையே ஆள் விட்டு அழைத்தேன். பெரிய மீசை, நல்ல மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்:

"குடுத்தது நெசந்தாங்க வக்கீலய்யா. எம் முன்னாடிதான் குடுத்தான். ஆனா கோர்ட்டுல அதைச் சொல்ல மாட்டேன். சாதி மானம் ஒண்ணு இருக்குல்ல."

"அந்தப் பெண்ணின் மானம்?" என்றேன்.

"அது ஒருத்தி மானந்தானுங்களே."

எழுந்து போகும்போது, கதவருகே நின்ற சுப்பையாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார். "இங்கிட்டுத்தான், டவுனு" என்று சொல்லிவிட்டுச் சுப்பையா சட்டென்று உள்ளே போய்விட்டார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் யோசிக்கவில்லை.

"உங்கள் சாதிதானே, ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வர முடியாதா உன்னால்?" என்று சுப்பையா மேல் எரிந்து விழுந்தேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினைந்து நாள் ஊர் ஊராகப் போனார். அறந்தாங்கிப் பக்கம்கூடப் போய்வந்தார். வெறுங்கையோடு திரும்பி, முகத்தில் புழுதியோடு நின்று, "தைக்கு மேல ஒரு வாய்தா வாங்கிருங்கய்யா" என்றார். காரணம் கேட்டேன். "யாராச்சும் மனசு மாறுவாக" என்றார்.

வாய்தா கேட்டேன். முன்சீப் மறுத்துவிட்டார். ஏற்கெனவே மூன்று முறை வாங்கியாயிற்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் விசாரணை முடிய வேண்டும் என்று மார்கழியில் தேதி போட்டுவிட்டார்.

சுப்பையாவின் ஒரே மகள் செல்லத்துக்குத் தை மாதம் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சங்கத்தில் முக்கியமானவர்கள். கலியாணத்தை முன்னால் வைத்துக்கொள்ளவும் வழியில்லை, மார்கழியில் யார் தாலி கட்டுவார்கள்? இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. விசாரணைக்கு முதல் நாள் மாலை அறைக்கு வந்து, கட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னபோதுதான் புரிந்தது.

"சாட்சி இருக்குங்கய்யா. நாந்தான்."

அவர் தாயார் துரும்பு வாங்கி வந்து இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர். அந்த இரண்டாம் கட்டுக்குப் பிறந்தவர்தான் சுப்பையா. அதுவரை என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"செல்லத்தின் கலியாணம்?" என்றேன்.

"நிக்காதுங்கய்யா."

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் சுப்பையா, நீ ஏறாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வள்ளியம்மைக்காக என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். அது பாதி உண்மை. எனக்கு அந்த வழக்கில் ஜெயிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அம்பலகாரர் எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டேறி, எங்கள் சாதியில் துரும்பும் இல்லை தூசியும் இல்லை என்று சத்தியம் செய்து இறங்கினார். அடுத்து நான் சுப்பையாவின் பெயரைச் சொன்னேன். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. கக்கத்தில் கட்டோடு கூண்டு வரைக்கும் போய்விட்டவர், அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தார். நான் போய் வாங்கிக்கொண்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? சாட்சி கிடைக்காமல் வக்கீல் தம் சம்பள ஆளையே ஏற்றிவிட்டார் என்று கேலி செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உம்முடைய தாயார் ஒருவரிடம் வைப்பாக இருந்தார் என்று சொல்கிறேன். சரிதானே?" என்றார்.

நான் எழுந்து ஆட்சேபித்தேன். சுப்பையா எனக்குக் கையமர்த்திவிட்டு, முன்சீப்பைப் பார்த்துச் சொன்னார்:

"இல்லைங்க. எங்க அம்மா முறைப்படி துரும்பு வாங்குனவுக. மொதல்ல கட்டுனவுக நல்லவுகதான், ஒத்துவரலை, அவ்வளவுதான். எனக்குக் காது குத்துனப்ப அவுகளும் கெடா ஓட்டிக்கிட்டு வந்தாக. அவுக தம்பிதான் இப்ப சத்தியம் பண்ணிட்டு எறங்குன அம்பலகாரரு. எங்க அம்மாவுக்குத் துரும்பு குடுத்தப்ப, அந்த வைக்கோலை உருவிக்கிட்டு வந்து குடுத்ததே இவுகதானாம். எங்க அம்மா சொல்லியிருக்காக."

முன்சீப் அம்பலகாரரை மறுபடி கூண்டேறச் சொன்னார். இவர் சொல்வது பொய்யா என்று கேட்டார். அந்தப் பெரிய மனிதர் மீசையைத் தடவிக்கொண்டார். சுப்பையாவின் முகத்தைப் பார்த்தார்.

"பொய்யின்னு சொல்ல மாட்டேனுங்க" என்றார்.

வழக்கு தள்ளுபடியானது. வள்ளியம்மை வண்டிக்காரரின் மனைவிதான் என்று தீர்ப்பு வந்தது. மாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

தீர்ப்பு வருவதற்கு முன்பே நிச்சயப் புடவை திரும்பி வந்துவிட்டது. நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். மோர் கொடுத்து உபசரித்தார்கள். பையனின் தகப்பனார் சொன்னதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அந்தம்மா கதை எங்களுக்குத் தெரியாததா? தெரியுங்க. எங்க வீட்டுலயும் அப்புடி ரெண்டு பேரு இருக்காக. ஆனா இவுக கோர்ட்டுல எழுத வச்சுப்புட்டாகளே!" அந்த மனிதர்மேல் எனக்குக் கோபங்கூட வரவில்லை. அவருக்கும் கட்டிக்கொடுக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

வேறு வரன் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குச் சுப்பையாவுக்கு அழைப்பு நின்றுபோயிற்று. செல்லம் படித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனாள். சுப்பையா எப்போதும்போல் காலை ஒன்பது மணிக்குக் கட்டோடு வந்தார். ஒரு மாற்றம் மட்டும் உண்டு. அந்த இங்கிலீஷ் தீர்ப்பை என்னிடம் வரிவரியாகக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அதைப் பிரதி எடுத்தார். அவர் சாதியில் எந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாலும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு ஒரு பிரதியைக் கொடுப்பார். "இதை ஒங்க ஊருப் பெரியவுககிட்ட வாசிச்சுக் காட்டச் சொல்லுத்தா. இல்லைன்னு சொல்ல முடியாது." ஒவ்வொரு பிரதியிலும் தம் தாயாரின் பெயரையும் அவருடைய கதையையும் அவர் தம் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. அந்த இடம் வரும்போது அவர் பேனாவைத் துடைத்துவிட்டு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

செல்லத்தைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் பேசியதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு குறை வைத்திருந்தேன். என்னதான் தர்மம் என்றாலும், பெற்ற மகளின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாரே என்று. அவரைத் தடுக்காத எனக்கு அந்தக் குறை ரொம்ப வசதியாக இருந்தது.

செய்தி கேட்டுப் போனபோது வாசலில் கூட்டம் அதிகமில்லை. வள்ளியம்மையும் அவள் மகளும் கோடித்துணியோடு வந்திருந்தார்கள். அம்பலகாரர், இப்போது நன்றாகத் தளர்ந்துவிட்டவர், தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தார். சுப்பையாவின் இரண்டு கைகளையும் மார்பின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். கட்டு இல்லாத அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை. அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மறுபடி போனேன். செல்லத்திடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "அன்றைக்கு நான் உன் அப்பாவைத் தடுத்திருக்க வேண்டும் அம்மா. அவராவது உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டாகளேய்யா. ஒங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி அடுப்படில வந்து ஒக்காந்து என்னயத்தான் கேட்டாக. ஒனக்கு இப்புடி ஆயிரும்த்தா, என்ன சொல்றேன்னாக. நாந்தான் போயிச் சொல்லுங்கப்பான்னேன்."

"ஏனம்மா?"

"நான் வாழப்போற வீட்டுலயும் எனக்கு ஆகாமப் போகலாமில்லய்யா? அப்பத் துரும்பே கெடையாதுன்னு அவுகளும் சொல்லிட்டா, நான் எங்கிட்டுப் போறது?"

அவளே தொடர்ந்து, "வருத்தமே இல்லைன்னு சொல்ல மாட்டேன்யா. இருக்கத்தான் செய்யுது" என்றாள்.

வழக்கு முடிந்து பத்து வருஷம். அவளிடம் ஒரு நாளும் நான் பேசியதில்லை.

மூலையில் அவருடைய சாய்மேசை இருந்தது. அதன்மேல் பாதியில் நின்ற ஒரு பிரதி. தவறிய அன்று காலையிலும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். வாசற்படியில் கையில் குழந்தையோடு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். திருமயம் பக்கத்துக் கிராமமாம். அப்பா இவளை வரச் சொல்லியிருந்தார் என்றாள் செல்லம்.

சுப்பையா, அன்றைக்கு நீங்கள் கூண்டேறுமுன் என்னிடம் கொடுத்த கட்டை நான் நீங்கள் இறங்கியவுடன் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி அப்படிச் செய்ய முடியாது. போய்வாருங்கள். செல்லம் பேனாவைத் துடைத்துக்கொண்டு சாய்மேசை முன் உட்கார்ந்தாள். நீங்கள் நிறுத்திய வரியிலிருந்து நான் மெதுவாக வாசித்தேன், அவள் எழுதினாள். உங்கள் தாயாரின் பெயர் வரும் இடம் அடுத்த பக்கத்தில் இருந்தது.