தோற்றவனுக்குக் கொடுத்த பங்கு

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் பின்னால் இருந்த மணல் திடலில்தான் எங்கள் குப்பங்களுக்குள் கபடிப் போட்டி நடக்கும். ஏரிச்சேறு காயாத காலோடு வந்து இறங்குவார்கள். பரிசுப் பணத்தையும் மீனைப் போலவே பங்கு வைப்பார்கள்: ஆடியவர்களுக்கு ஆளுக்கொன்று, ஊருக்கு ஒன்று. கடைசியில் தோற்ற குப்பத்துக்கும் 'குழம்புப் பங்கு' என்று கொஞ்சம். வெறும் வலையோடு கரையேறும் படகுக்குப் பக்கத்துப் படகு குழம்புக்கு மீன் போடுவதில்லையா, அதுபோல. வாங்குகிறவர்களும் சும்மா வாங்கமாட்டார்கள்.

"இன்னாப்பா, அடுத்த வருசம் நாங்க போடுற பங்குக்கு இப்பவே சட்டி வாங்கி வெச்சுக்கங்க!"

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தத் திடலிலிருந்துதான் என் அண்ணனைச் சென்னையில் ஒரு லீக் அணி எடுத்துக்கொண்டது. மாதச் சம்பளம். ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்னது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தச் சம்பளத்தை நம்பி நைனா புதுப் படகுக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

ஆரம்ப ஆட்டங்களில் ஒன்றில் அவன் அணி ஜெயித்து, அண்ணனுக்குச் சிறந்த ஆட்டக்காரர் பரிசுப் பணமும் கிடைத்தது. அன்று சாயங்காலமே எதிரணித் தலைவரை ஓட்டல் வாசலில் பிடித்து, அதில் கொஞ்சத்தை அவர் கையில் திணித்திருக்கிறான். யாரோ செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். பெட்டிங் என்று சந்தேகம். ஒப்பந்தமே போய்விடலாம் என்றார்கள். லீக் நடத்திய விசாரணைக்குத் துணையாக நானும் போனேன், நல்ல வார்த்தைகளாகத் தேடி எடுத்துக்கொண்டு. விசாரித்த அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை.

"தோத்த டீமுக்கு எதுக்குப்பா பணம் குடுத்தே?"

"குழம்புக்கு சார்."

"எந்தக் குழம்பு?"

"ஜெயிச்சா குடுப்போம் சார். அவங்களும் அவ்ளோ தூரம் வந்து ஆடுறாங்க, வெறுங்கையோட எப்படி அனுப்பறது?"

"விட்டுக்கொடுத்து ஆடினதுக்குக் கூலின்னுதான் நாங்க நினைப்போம்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "விட்டுக்குடுத்தாங்களா? இத்தப் பாருங்க சார்!" என்று பேண்டைச் சுருட்டினான். முட்டி முழுக்கத் தோலுரிந்து கிடந்தது. "விட்டுக்குடுக்கறவன் இப்படியா இழுப்பான்?"

அதிகாரி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். பணத்தை வாங்கிய தலைவரும் அப்போதே அதைத் தன் அணி அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தார். முடிவு இதுதான்: அண்ணன் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். ஒப்பந்தம் இருக்கும்.

ஊருக்குத் திரும்பும் ரயில் அனுப்பம்பட்டைத் தாண்டியது. அண்ணன் கேட்டான்.

"உக்காந்துனு இருக்கற அன்னிக்கு சம்பளம்?"

"உண்டுண்ணா. ஒப்பந்தத்துல இருக்குது."

"ஏரிப்பக்கமே வராதவனுக்குப் பங்கா? ஒழுங்காப் படிச்சியாடா?"

"படிச்சேண்ணா."

பொன்னேரியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"நைனாகிட்ட சொல்லாதடா. ஆடாமயே துட்டு வாங்குறான்னு சிரிக்கும்."