இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு கண்ணாடி நூல்

நல்லூரில் அந்தப் பனியன் கம்பெனிக்குக் கட்டடம் இரண்டு. பழைய கட்டடத்தில் கட்டிங்கும் தையலும். அடுத்த தெருவில் புதிதாக எழும்பிய கட்டடத்தில் ஏசி போட்ட ஆபீஸ், இன்டர்நெட், முதலாளி செங்கோட்டையன். இரண்டுக்கும் நடுவே ஃபைல் சுமப்பது முனீஸின் வேலை. 2007ஆம் வருடம் அது. கயிறு கட்டி அவன் கழுத்தில் மாட்டியிருந்த பென் டிரைவைக் காட்டி, "அண்ணனுக்கு யாரு தாலி கட்டுனா?" என்று தையல் பெண்கள் சிரிப்பார்கள்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டிங் ஹெல்பராக வந்தவன் அவன். ஆபீஸ் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருநாள் எடுத்துக் கொடுத்தான். அத்தோடு கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமும் அவன் தலையில் விழுந்தது. சாயங்கால வகுப்புக்குப் போய் நெட்வொர்க் படித்தான். ஊரில் பெண் பார்க்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் இப்போது வேண்டாம் என்பான். ஏன் என்றால் பதில் சொல்லமாட்டான்.

பதிலின் பெயர் ரோஸ்மேரி. தூத்துக்குடிக்காரி. பழைய கட்டடத்து மாடியில் துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுகிறவள். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற அளவுகள் ஆபீஸுக்கு மெயிலில் வரும். முனீஸ் அதை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் அவளிடம் கொடுப்பான், அவள் போட்டு வைத்த பேட்டர்னை வாங்கிக்கொண்டு திரும்புவான். ஃபைல் ஏறுகிற நேரம்தான் அவர்களுக்கு வாய்த்த நேரம். பெரிய ஃபைலாக இருந்தால் அன்றைக்கு அவனுக்குத் திருவிழா.

"சாப்ட்டியளா?" என்பாள். இந்த ஒரு கேள்வி காதில் விழுவதற்காகவே அவன் சாப்பிடாமல் போன நாட்கள் உண்டு. இதற்குமேல் பேச அவனுக்கு வாய் வராது. அவள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, இவன் முனியசாமிக்கு முடி எடுத்த குடும்பம். ஆனால் அதெல்லாம் சாக்கு. சொல்லி அவள் முகம் சுளித்துவிட்டால் இந்த நடையும் போய்விடுமே என்பதுதான் பயம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அறையில் படுத்துக்கொண்டு திங்கட்கிழமைக்காக ஏங்குவான். இப்படியும் ஒரு மனுஷன்!

ஒருநாள் அந்தப் பேச்சே வினையாக முடிந்தது. பையர் திருத்தி அனுப்பிய அளவை எடுத்துக்கொண்டு போனான். அவள் அன்று ஊர்க் கடலைப் பற்றிப் பேசினாள். காற்றடிக்கும் மாதத்தில் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் போவார்களாம், இந்த வருடம் லீவு கிடைக்கவில்லையாம். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், கொண்டுவந்த ஃபைலைக் கொடுக்க மறந்து, பென் டிரைவும் கழுத்துமாக அப்படியே திரும்பிவிட்டான். கீழே பழைய அளவிலேயே துணியை வெட்டித் தள்ளிவிட்டார்கள். குழந்தைப் பனியன், கழுத்து வழியாகத் தலை நுழையவில்லை.

செங்கோட்டையன் நேராக மாடியேறிப் போய் எல்லார் முன்னாலும் ரோஸ்மேரியை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஃபைல் எனக்கு வரவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பின்னாலேயே ஓடிவந்த முனீஸ் வாயைத் திறப்பதற்குள் அவன் பக்கம் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அவனுக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது.

மறுநாள் முதலாளி அவனைக் கூப்பிட்டார். "இனி கழுத்துல இந்தக் குச்சியத் தூக்கிட்டு அலையற சோலி வேண்டாமுங் முனீசு. ரெண்டு பில்டிங்கையும் ஒயர்ல சேத்துப்புடோணும். என்ன போடலாமுங்க?"

"நூறு மீட்டர் தாண்டுனா சாதா கேபிள்ல சிக்னல் ஒழுங்கா வராதுங்க. நமக்கு அதுக்கு மேல வருது. ஃபைபர்தான் போடணுங்க."

நூலிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் சட்டென்று நிமிர்ந்தார். "ஃபைபருன்னா பாலியஸ்டருங்களா? என்ன கவுண்ட்டு வருமுங்க, சன்ன நூலா மொத்த நூலா?"

"கண்ணாடி நூலுங்க. உள்ள வெளிச்சம் ஓடும்."

"அறுந்துச்சுன்னா முடிச்சுப் போட்டுக்கலாமுங்களா?"

"முடிச்செல்லாம் போட முடியாதுங்க. மெஷின் வெச்சு ஒட்டணும்."

செங்கோட்டையன் தாடையைச் சொறிந்தார். "நம்மளாட்டம் சின்ன கம்பெனிக்கு இதெல்லாம் தோதுப்படுமுங்களா? எனக்கென்ன தெரியும், நீங்க சொல்றதுதான்."

தோதுப்படாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். நடையும் பிழைக்கும், திங்கட்கிழமையும் பிழைக்கும். ஆனால் ரோஸ்மேரி தலைகுனிந்து நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. இன்னொரு தடவை அவளை அப்படி நிற்க விடுவதா?

"தோதுப்படுங்க" என்றான் முனீஸ்.

தன் குழியைத் தானே வெட்டுகிறவன் அரைகுறையாக வெட்டலாம் அல்லவா? அவன் அப்படி வெட்டவில்லை. நடுவிலிருந்த வீட்டுக்காரர்களிடம் மாடி மாடியாகப் போய் அனுமதி கேட்டான். வெயிலும் எலியும் அண்டாமல் கேபிளைக் குழாய்க்குள் விட்டான். ஓர் இழை போனால் இன்னொன்று கைகொடுக்க உபரி இழைகளும் வைத்தான். கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து முனைகளை ஒட்டிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

இன்டர்காமில் ரோஸ்மேரி, "ஃபைல் வந்துட்டா?" என்றாள்.

"வந்துருச்சு."

"கண்ண மூடித் தொறக்குமுன்ன போயிட்டே! இனி நீங்க வெயில்ல அலைய வேண்டாம்."

"ஆமா."

போனை வைத்துவிட்டு, கழுத்திலிருந்த பென் டிரைவைக் கழற்றி டிராயருக்குள் போட்டான். 

அதற்கப்புறம் முனீஸ் பட்ட பாடு சொல்லி மாளாது. ஃபைல்கள் வந்தன, போயின. அவள் பெயர் திரையில் வரும், அவள் வரமாட்டாள். அடைமழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது, லைன் அசையவில்லை. பக்கத்து மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள், அப்போதும் அசையவில்லை. ஒருநாள் பழுதாகித் தொலைத்தால்தான் என்ன என்று தான் போட்ட லைனைத் தானே சபித்தான். சும்மா போய்ப் பார்க்கலாமே என்றால், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஆடி போய் ஆவணியில் ஒருநாள் பச்சை விளக்கு அணைந்தது. முதலில் கண்ணை நம்பவில்லை. அப்புறம் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினான்.

மாடியில் ரோஸ்மேரி கைகட்டி உட்கார்ந்திருந்தாள். "லைன் போயிட்டு" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

பெட்டியைத் திருப்பினான். ஒயர் வெளியே வந்து கிடந்தது. அது கிளிப் போட்டு உட்காருகிற ஒயர். மெஷின் அதிர்ந்தாலும் வராது, எலி இழுத்தாலும் வராது. விரல் வைத்து அழுத்தி இழுத்தால்தான் வரும். முனீஸ் திரும்பி அவள் விரல்களைப் பார்த்தான். ஃபைல் தாமதமானால் முதலில் திட்டு வாங்கப்போவது இவள்தானே!

இன்டர்காம் அடித்தது. அவன்தான் எடுத்தான்.

"ஏனுங் முனீசு, லைனு என்னாச்சுங்க? பையரு காத்துக்கிட்டிருக்கான். அந்தப் புள்ள ஏதாச்சும் பண்ணிப்போட்டுதா?"

"இல்லீங்க முதலாளி. ஒயர் கழண்டுருச்சுங்க."

"அது தானாக் கழலுமுங்களா?"

கம்ப்யூட்டர் விஷயத்தில் முதலாளியிடம் அவன் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

"கழலுங்க. மெஷின் ஓடுற கட்டடமில்லீங்களா, அப்பப்பக் கழலும். நான் அடிக்கடி வந்து பாத்துக்கிறேனுங்க."

"அப்ப தெனமும் ஒருக்கா எட்டிப் பாத்துப்போட்டு வந்துருங்க" என்று வைத்துவிட்டார் செங்கோட்டையன்.

ஒயரை மாட்டினான். விளக்கு எரிந்தது. வேலை முடிந்த பிறகும் பெட்டியையே துடைத்துக்கொண்டு நின்றான்.

"பொய்யெல்லாம் நல்லாத்தான் சொல்லுதிய" என்றாள் ரோஸ்மேரி. "உண்மைய எப்பம் சொல்லுவிய?"