வனத்துச் சின்னப்பரின் நெற்றி

என் வீட்டுக்காரர் தம்பிராஜா காஜா பேராங் கடைத்தெருவில் சாமி படங்களுக்குப் பிரேம் போடுகிறவர். முருகனோ மாரியம்மனோ, கண்ணாடி மூடுமுன் நெற்றியில் துளி குங்குமம் குழைத்து வைத்துவிடுவார். வெறும் நெற்றியோடு சாமியை அனுப்பக் கூடாதாம்! யார் சொன்னது என்று கேட்டால் முறைப்பார். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முந்தின வருடம் அந்தப் பழக்கத்தை விட்டவர்தான், அப்புறம் தொடவே இல்லை.

அந்த வருடம் புக்கிட் பாருவிலிருந்து சின்னப்பா என்பவர் ஒரு படம் கொண்டுவந்தார். அவர் தாத்தா ஊரிலிருந்து கப்பலேறும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அச்சுப் படம். நூறு வயதிருக்கும். முழுக்கக் கறுப்பு மை. அடர்ந்த மரங்கள், பாறைக் குகை, வாயில் ரொட்டியோடு ஒரு காகம், காலடியில் இரண்டு சிங்கங்கள், நடுவே தாடியும் சடையுமாக ஒரு முனிவர்.

"வனத்துச் சின்னப்பர், எங்க வேதத்துப் புனிதரு. எம் பேரே இவரோடதுதான். மகன் சவரிமுத்து போலீஸ்ல சேந்து, கம்யூனிஸ்ட்டத் தேடிக் காட்டுக்குள்ள போயிருக்கான். ரெண்டு மாசமா கடுதாசி இல்ல தம்பி. காட்டுல இருக்கிறவரு அவனப் பாத்துக்குவாரு. நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

மறுநாள் மதியம் கடைக்குச் சோறு கொண்டுபோனேன். அந்தக் கறுப்புப் படத்தில், நெற்றி நடுவே சிவப்பாக ஒரு புள்ளி. சோற்றுத் தூக்கை அப்படியே கீழே வைத்தேன்.

"அட பாவி மனுஷா! குண்டு பாஞ்ச மாதிரி இருக்கே!"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நினைப்பு எங்கேயோ இருக்க, கை தன் வேலையைச் செய்திருக்கிறது. ரொட்டித் துண்டால் ஒற்றினார். பழைய காகிதம் அல்லவா, சிவப்பு மூக்குவரை இழுத்துக்கொண்டு போயிற்று. இப்போது ரத்தமேதான்.

"கடையச் சாத்திட்டுப் போயிடலாமா, பூங்காவனம்?"

"எங்க போவீங்க? பெத்தவரு வந்து நிப்பாரு. உள்ளதச் சொல்லுங்க."

வீறாப்பாகச் சொன்னேனே தவிர, எனக்கும் பயம்தான். மகன் திரும்பி வருவான் என்று அந்த மனிதர் பிடித்துக்கொண்டிருந்ததே இந்தப் படத்தைத்தான்.

நான்கு மணிக்குச் சின்னப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவர் அவர் காலிலேயே விழுந்துவிட்டார்.

"அண்ணே, கைப் பழக்கத்துல பொட்டு வெச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

சின்னப்பா படத்தை எடுத்து அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தந்தியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காலையில வந்துச்சு தம்பி. மகனச் சுட்டுக் கொன்னுட்டாங்கன்னு மட்டும்தான் போட்டிருக்கு. எங்க பட்டுச்சுன்னு போடல."

சிவப்பை விரலால் தொட்டார்.

"இப்படியே கண்ணாடி போட்டுக் குடுங்க."

இவர் சுத்தியலை என்னிடம் நீட்டினார். ஆணிகளை நான்தான் அடித்தேன்.