பவுனு கடித்த காலத்துப் பத்தியம்

ஆயாக் கொட்டகை வேலைக்கு வருகிறவளுக்கு இரண்டு கை போதாது. வந்த பிறகு அந்த இரண்டும் முழுசாக மிஞ்சும் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை மேய்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உங்கள் கையிலும் ஒரு பல் தடம் இருக்கும். யாராவது கேட்டால் நாய் கடித்தது என்று சொல்லிச் சமாளித்திருப்பீர்கள்.

நான் வேலை பார்த்தது மலாயாவில், கெடா மாநிலத்துப் பீடோங் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்திருந்த காலம். பெண்கள் விடியுமுன் பிள்ளைகளை என் கொட்டகையில் இறக்கிவிட்டு, ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போவார்கள். கைக்குழந்தைகள் தொட்டிலில், நடக்கிற பிள்ளைகள் பாயில், நான் இரண்டுக்கும் நடுவில். கஞ்சி ஊற்றுவது, கிழங்கு அவிப்பது, அழுகையை நிறுத்துவது, அடிதடியை விலக்குவது எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். என்னை எல்லாரும் ஆயாக்கா என்பார்கள். எத்தனையோ பிள்ளைகள் என் கையில் வளர்ந்தார்கள். ஆனாலும் அந்த வேலையை நினைத்தால் முதலில் வருவது பவுனுதான். அவள் நினைவுக்கு ஓர் அடையாளம் என் முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

கிராணியின் கெண்டைக்கால்

பவுனுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அப்பன் கோவிந்தனை ஜப்பான்காரர்கள் வடக்கே சயாம் நாட்டில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதுவரை வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பிள்ளை அவள். அப்பன் போன பிறகு கடிக்க ஆரம்பித்தாள். சும்மா பல் படுகிற கடி இல்லை, கவ்வினால் விடமாட்டாள். அடிப்பாள், தூணில் தலையை முட்டிக்கொள்வாள், தான் படுக்கிற மூலைப்பக்கம் ஒருத்தரையும் அண்ட விடமாட்டாள். மற்றப் பிள்ளைகள் அவளைக் கண்டால் என் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். நான் யார் சேலைக்குள் ஒளிவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் கிராணி கொட்டகையைப் பார்வையிட வந்தார். தோட்டத்துக் கணக்கும் அரிசிப் பங்கும் அவர் கையில் இருந்ததால் துரைக்கு அடுத்த துரை அவர்தான். குடையை மாட்ட ஆணி தேடிக்கொண்டு பவுனுவின் மூலைக்குப் போனார். அவ்வளவுதான், கெண்டைக்காலைக் கவ்விவிட்டாள். நான் அவளை இழுக்க, அவர் தன் காலை இழுக்க, நடுவில் முழங்கால்வரை போட்டிருந்த காலுறை கிழிந்தது. துணி கிடைக்காத காலம் அது. கிராணிக்குக் காலைவிடக் காலுறைதான் வலித்தது.

வேலைக்கு வந்தால்தான் அரிசி என்பது அன்றைய சட்டம். கொட்டகையில் பவுனுவைச் சேர்க்காவிட்டால் அவள் அம்மா அஞ்சலை வேலைக்குப் போக முடியாது. அது நன்றாகத் தெரிந்தேதான் கிராணி சொன்னார்: "இன்னொரு தடவ இவ யாரையாச்சும் கடிச்சான்னு கேள்விப்பட்டேன், புள்ளையும் வீட்டுல, அம்மாளும் வீட்டுல, அரிசி மட்டும் ஸ்டோருல."

வைத்தியர் தந்த பத்தியம்

அஞ்சலை பயந்துபோய், பவுனுவைத் தூக்கிக்கொண்டு பீடோங்கில் மூலிகைக் கடை வைத்திருந்த நாட்டு வைத்தியரிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். வைத்தியர் தூர நின்றே நாடி பார்த்தார். முந்தின வாரம் அவரிடம் வந்த இன்னொரு பிள்ளை அவரைக் கடித்திருந்ததாம். சண்டைக் காலத்தில் அந்தத் தொழிலிலும் ஆபத்து இருந்திருக்கிறது.

உடம்பில் சூடு ஏறித் தலைக்குப் போய்விட்டது என்றார். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, கோழி ஆகாது, ஆட்டுக்கறியைக் கண்ணில் காட்டக்கூடாது, நெய் போட்ட பலகாரம் பக்கத்திலேயே வரக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் உப்பைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. அவர் சொன்ன பத்தியத்தைத் தோட்டமே ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து தவறாமல் காத்துக்கொண்டிருந்தது. அஞ்சலை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "ஐயா, இதெல்லாம் வீட்டுல இருந்துச்சுன்னா அது ஏன்யா மனுசனக் கடிக்கப் போவுது?"

மரவள்ளியை நிறுத்திய கதை

வைத்தியர் கொடுத்த வேப்பங்கொழுந்து உருண்டையைத் தினம் ஒன்று கொடுத்தேன். பவுனு முகத்தைச் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். வேம்பை இப்படித் தின்கிற பிள்ளையை நான் கண்டதில்லை. நல்ல குணம் வந்துவிட்டது என்று அஞ்சலையிடம் பெருமையாகச் சொன்னேன். சொன்ன அன்றே இன்னொரு பிள்ளையின் தோளைப் பதம் பார்த்தாள். கிராணி காதுக்குப் போகாமல் இருக்க, அந்தப் பிள்ளையின் தாய்க்கு என் பங்குக் கஞ்சியைக் கொடுத்து வாயை அடைத்தேன்.

அதற்குள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். சிவப்புப் பனையெண்ணெய் பித்தம் என்றாள் ஒருத்தி. மரவள்ளி வாயு, அந்த வாயு மண்டைக்கு ஏறித்தான் பல்லுக்கு வருகிறது, மரவள்ளியை உடனே நிறுத்து என்றாள் இன்னொருத்தி. நிறுத்தலாம், நிறுத்திவிட்டு எதைக் கொடுப்பது? மரவள்ளிப் புட்டு, மரவள்ளி அடை, மரவள்ளிக் கூழ் என்று குண்டுச் சட்டிக்குள்ளேயே குதிரை ஓட்டினேன். என்ன செய்தாலும் வாங்கிக்கொண்டு மூலைக்குத்தான் போனாள். மரவள்ளியை நிறுத்தச் சொன்னவள் வந்து, நான் சுட்ட அடையில் ஒன்றைத் தானே தின்று பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொன்னாள்: "நிறுத்தச் சொன்னா வேசத்தத்தான மாத்தியிருக்க ஆயாக்கா. அந்த வாயுவுக்கு மரவள்ளியத் தெரியாதா?"

முட்டையின் பவர்

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் இங்கிலீஷ் மருந்து படித்தவர். மருந்து ஒன்றும் மிச்சமில்லை, படிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. உடம்பில் சத்து இல்லாமல் நரம்பு பலவீனமாகிவிட்டது, ஒரு முட்டை கொடுத்துப் பார் என்றார். முட்டையை அவர் தரவில்லை. என் கோழிதான் தந்தது. அதை அவித்து, ஓடு உரிக்காமல் பவுனு கையில் கொடுத்தேன். பெரிய பொக்கிஷம் கிடைத்த மாதிரி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மூலைக்குப் போனாள்.

அன்று முழுக்க அவள் யாரையும் கடிக்கவில்லை. மூலையை விட்டு நகரவும் இல்லை. டிரெஸ்ஸர் ஊரெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டார். மறுநாள் காலையில் ஒரு தவழ்கிற பிள்ளை அந்த மூலைக்குத் தவழ்ந்து போய், குதிகாலில் கடி வாங்கிக்கொண்டு தவழ்ந்து வந்தது. டிரெஸ்ஸரைக் கூட்டிவந்து காட்டினேன். மனிதர் அசரவில்லை. "ஒரு முட்டைக்கு ஒரு நாளைக்குத்தாம்மா பவரு இருக்கும். ஒன் கோழி தினம் போடுமா?"

சயாம் வந்தது

இந்தக் கூத்துக்கு நடுவில், கெடாவை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்ற செய்தி வந்தது. இனிமேல் நாம் சயாம் ஆட்சி என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் கிராணி நின்று படித்துச் சொன்னார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அரிசிப் பங்கு கூடுமா என்று கேட்டார்கள், கூடாது என்றதும் கலைந்துவிட்டார்கள். பவுனு மட்டும் அன்று கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சிக்குக் கூப்பிட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "ஆயாக்கா, சயாமே இங்க வந்துருச்சு, எங்கப்பா மட்டும் ஏன் வரல?"

ஜப்பான் துரை மோப்பம் பிடித்த நாள்

ஜப்பான் துரை கொட்டகையைப் பார்க்க வருகிறார் என்று கிராணி ஓடி வந்தார். பவுனுவை எங்கேயாவது ஒளித்து வை என்றார். ஒளித்து வைக்க அவள் என்ன அரிசியா? துரையைக் கடித்தால் அரிசி போவது மட்டும் இல்லை, யார் தலை இருக்கும் யார் தலை போகும் என்பதும் தெரியாது. வாயில் எதையாவது வைத்தால் கடிக்க வாய் இருக்காது என்று அவித்த சர்க்கரைவள்ளியில் ஒரு பெரிய துண்டை அவள் கையில் கொடுத்து, தின்னு தின்னு என்று கெஞ்சினேன்.

துரை வந்தார். பிள்ளைகள் குனிந்து வணங்கினார்கள். அவர் மூக்கைச் சுருக்கினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சில நாளாகவே கொட்டகையில் ஒரு நாற்றம், நான் பாவம் கைக்குழந்தைகள்மேல் பழியைப் போட்டுத் துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். துரை மோப்பம் பிடித்து நேராகப் பவுனுவின் மூலைக்குப் போய், அங்கே கிடந்த கோணிச் சாக்கைத் தன் தடியால் தூக்கினார். அடியில் ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் காய்ந்த புட்டு, ஒன்றில் அடை, ஒன்றில் வேப்பங்கொழுந்து உருண்டைகள் அத்தனையும், ஒன்றில் என் கோழியின் முட்டை. எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கொடுத்த எந்தப் பத்தியமும் அவள் வயிற்றுக்குப் போகவே இல்லை. கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்து உயிரோடு இருந்திருக்கிறாள். துரை குனிந்ததும் பவுனு பாய்ந்தாள். நான் என் கையை நடுவில் நீட்டினேன். அந்தத் தடம்தான் இன்னும் இருக்கிறது.

இது யாருக்கு என்று துரை மலாயில் கேட்டார். பவுனு என் கையை விட்டுவிட்டு, "அப்பாவுக்கு" என்றாள். எனக்குக் கடித்த வலி மறந்துபோய் அழுகை வந்துவிட்டது. கிராணி ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு துரையிடம் மலாயில் சரளமாக, உணவைச் சேமிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு அல்லவா, அதைப் பிள்ளைகளுக்கு இப்போதே பழக்குகிறோம் என்று அளந்தார். துரை "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கிராணி வேர்வையைத் துடைத்தபடி என் காதில் சொன்னார்: "மொதல்ல அந்த முட்டையத் தூக்கிப் போடு ஆயா. இல்லன்னா இன்னொரு தடவ பாராட்ட வந்துருவாரு."

கோவிந்தன் பங்கு

அப்பாவுக்கு நாமே ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டால் பவுனு தன் பங்கைத் தின்பாள் அல்லவா? என் மூளை அப்படித்தான் ஓடியது. மறுநாள் ஒரு வாழையிலை போட்டு, அதில் கிழங்கும் கொஞ்சம் துவையலும் வைத்து, பக்கத்தில் ஒரு மங்கில் தண்ணீரும் வைத்து, இது அப்பா பங்கு என்றேன். பவுனு சந்தோஷமாக எதிரில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து அஞ்சலை உள்ளே நுழைந்தாள். ஆள் இல்லாத இலை, தண்ணீர், எதிரில் கைகட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளை. கருமாதிக்குப் படையல் போடுகிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினாள், "எம் புருசன் செத்துட்டான்னு ஒனக்கு எவன் வந்து சொன்னான்?"

உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு அந்த இலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கிழங்கைப் பிசைந்து பவுனு வாயில் ஊட்டினாள். "இது ஒங்கப்பா பங்குதான். ஒன் வயித்துல வச்சுக்க. அங்கதான் எறும்பு வராது" என்றாள். பவுனு ஒரு வாய் தின்றாள், இன்னொரு வாய் தின்றாள். தின்றபடியே ஒரு சந்தேகம் கேட்டாள்: "அப்பறம் அப்பா வந்தா எப்படி எடுத்துக்குவாரு?"

கடைசிக் கடி

அன்றிலிருந்து ஒரு பிடி அவளுக்கு, ஒரு பிடி அப்பாவுக்கு என்று இரண்டையும் அவளே தின்றாள். மூலையில் காக்க ஒன்றும் இல்லாததால் கடி மெல்ல மெல்லக் குறைந்தது. வேம்பும் இல்லை, முட்டையும் இல்லை, அதே நாசமாய்ப் போன மரவள்ளிதான். முட்டை கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது என்றார் டிரெஸ்ஸர், நான் மறுக்கவில்லை. அஞ்சலையின் அரிசி நிற்கவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு ஒரு காலைப்பொழுதில், எலும்பும் தாடியுமாக ஒரு மனிதன் பீடோங்கிலிருந்து நடந்தே வந்து கொட்டகையில் நுழைந்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. நேராகப் பவுனு பக்கத்தில் உட்கார்ந்தவன், கையை அவள் தட்டை நோக்கி நீட்டினான். தலையைத் தொடத்தான் நீட்டினான் என்று பிறகு சொன்னான். பவுனு கவ்விவிட்டாள். "கோவிந்தா" என்று அவன் மூக்கைப் பார்த்து அடையாளம் கண்டு நான் அலறினேன். பெயரைக் கேட்டதும் அவள் பல் தானாக விட்டது. அவனை மேலும் கீழும் பார்த்தாள். தட்டை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டி, "மிச்சமெல்லாம் உள்ள இருக்கு" என்றாள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவன், தன் கையில் வரிசையாகப் பதிந்திருந்த பல் தடத்தைத் தடவிப் பார்த்தான். சயாமிலிருந்து வந்த பிறகு அவன் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். "எம் பங்கு ஒண்ணும் வீணாப் போவல ஆயாக்கா, கடியிலயே தெரியுது."

ஆகவே, என்னைப்போல் கடிபட்ட அன்பர்களே, பிள்ளைக்கு எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று பத்து வைத்தியரிடம் கேட்டு அலைவதற்கு முன்னால், கொடுத்தது எந்த மூலைக்குப் போகிறது என்று ஒரு தடவை சாக்கைத் தூக்கிப் பாருங்கள், கையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு.